பளிங்கும் முலாமும்: ஒரு காதணியின் சொல்லும் பொருளும்

‘பொன் முலாம் பூசிய வெள்ளிக் காதணி; இயற்கைக் குவார்ட்ஸ் கற்கள் பதித்தது’ என்னும் விவரக்குறிப்பை இன்று நகைக்கடைகளிலும் கைவினைப் பொருட்காட்சிகளிலும் நாம் பரவலாகக் காண்கிறோம். ஒரே தொடரில் பொன், வெள்ளி, கல் ஆகிய மூன்று பொருள்கள் பேசப்படுகின்றன. மூன்றையும் குறிக்கத் தமிழில் பழமையான சொற்கள் உள்ளன. எனினும், ‘குவார்ட்ஸ்’ என்பதைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்னும் வினா எழுந்தவுடன் நமக்குத் தயக்கம் ஏற்படுகிறது. ‘பளிங்கு’ என்று எழுதினால், படிப்பவர் பெரும்பாலும் தாஜ்மகாலை நினைத்துக் கொள்கிறார்.

இத்தயக்கம் நகைக்கடையோடு நின்றுவிடுவதில்லை. திருக்குறளிலும் மணிமேகலையிலும் பளிங்கு வருகிறது. அவ்விடங்களில் மாணவர் மனத்தில் வெண்ணிறச் சலவைக்கல் தோன்றுமாயின் உவமை முற்றிலும் பொருளற்றுப் போகும். எனவே, இக்காதணியின் ஒவ்வொரு கூற்றையும் பொருளறிவியல் நோக்கிலும் சொல்லாட்சி நோக்கிலும் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. நகை வாங்குவோர்க்கு வழிகாட்டுவது நம் முதன்மை நோக்கமன்று. ஆயினும் அவர்க்கும் இது சிறிது பயன்படக்கூடும்.

பளிங்கு எது?

குவார்ட்ஸ் என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். நிலவோட்டில் மிகுதியாகக் காணப்படும் கனிமங்களுள் இதுவும் ஒன்று. ஆற்று மணலில் பெரும்பகுதி இதுவே. தமிழகச் சிற்றூர்களில் வயல்வரப்பிலும் கரட்டிலும் கிடக்கும் வெண்ணிறக் கூழாங்கல்லை ‘வெங்கச்சங்கல்’ என்பர், அதுவும் குவார்ட்ஸே. இதே கனிமம் மாசின்றி, போதிய இடமும் காலமும் கிடைத்து வளரும்போது ஆறு பட்டைகளையும் கூர்முனையையும் உடைய, ஒளி ஊடுருவும் படிகமாகிறது. இதுவே நம் முன்னோர் பளிங்கு என்றும் படிகம் என்றும் போற்றியது. வடமொழியின் ‘ஸ்படிகம்’ தமிழில் படிகமாயிற்று. ‘பளிங்கு’ என்பது பாலி, பிராகிருத வடிவங்களோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. வந்த வழிகள் வேறாயினும் குறித்த பொருள் ஒன்றே.

பிற்காலத்தில் இரண்டாம் சொல் இடம் பெயர்ந்துவிட்டது. பளபளப்பாக மெருகேற்றப்பட்ட வெண்கல் எதுவும் பளிங்கு எனப்பட்டு, இன்று அச்சொல் சலவைக்கல்லையே பெரிதும் குறிக்கிறது. ‘படிக லிங்கம்’, ‘ஸ்படிக மாலை’ முதலிய சமய வழக்குகளில் மட்டும் பழம்பொருள் சிதையாமல் நிற்கிறது. சலவைக்கல்லோ சுண்ணாம்பினத்தைச் சேர்ந்தது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் மதிப்பு ஏறத்தாழ 3; குவார்ட்ஸின் மதிப்பு 7. சலவைக்கல்லை எஃகுக் கத்தியால் கீறலாம். எலுமிச்சைச் சாறு பட்டாலே அதன் மெருகு கெடும். குவார்ட்ஸோ கண்ணாடியைக் கீறும். எலுமிச்சைச் சாறு அதனை ஒன்றும் செய்யாது. எல்லாவற்றினும் முதன்மையான வேறுபாடு, படிகத்தின் ஊடே நாம் பார்க்க முடியும் என்பதாகும்.

மணிமேகலையின் பளிக்கறையை இங்கு நினைவுகூரலாம். உவவனத்துப் பளிக்கறை மண்டபத்துக்குள் இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். குரல் வெளியே வாராது. உதயகுமரன் வருவதறிந்து மணிமேகலை அதனுள் புகுகிறாள். அவன் வெளியில் நின்று அவள் உருவத்தைக் காண்கிறான், அணுக இயலவில்லை. காட்டுவதும் தடுப்பதும் ஆகிய இவ்விரு பண்புகளின் மேல்தான் அக்காட்சியே கட்டப்பட்டுள்ளது. சலவைக்கல் மண்டபமாயின் அவளைக் கண்டிருக்கவே முடியாது. கதையும் அவ்விடத்தில் நகர்ந்திருக்காது.

குவார்ட்ஸ் நிறமற்றதாக மட்டும் இருப்பதில்லை. சிறிதளவு இரும்பு கலந்து, பாறைகளின் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதா நிறம் பெறுகிறது, அதுவே செவ்வந்திக்கல். மஞ்சள் நிறமுடையதை வணிகர் சிட்ரின் என்பர். புகைநிறம், இளஞ்சிவப்பு ஆகிய வகைகளும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத நுண்படிகங்களால் ஆன அகேட், சூதுபவளம் ஆகியனவும் இக்குடும்பத்தினவே. இவற்றுள் எதுவும் நவமணிகளில் இடம்பெறவில்லை. உபரத்தினம் என்று ஒதுக்கப்பட்ட இவ்வினம், நவமணிகளின் பெயர்களைக் கடன்வாங்கி விற்கப்படுவது நெடுநாள் வழக்கமாக இருந்து வந்துள்ளது. மஞ்சள் குவார்ட்ஸைப் புஷ்பராகம் என்பதும், புகைநிறக் குவார்ட்ஸைப் ‘புகைப் புஷ்பராகம்’ என்பதும் அத்தகையன. புஷ்பராகம் என்னும் பெயரே ஒரு சாராரிடம் மஞ்சள் நீலக்கல்லின இரத்தினத்தையும், மற்றொரு சாராரிடம் டோபாஸ் என்னும் வேறொரு கனிமத்தையும் குறிக்கிறது. மூன்றாவதாகக் குவார்ட்ஸும் அதில் வந்து சேர்ந்தால் பெயரால் ஒரு பயனும் இல்லை.

கொடுமணலும் மணிமேடும்

உபரத்தினம் என்னும் இத்தாழ்வு பிற்காலத்தது என்றே கருதத் தோன்றுகிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வும் அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகளும் மணி செய்யும் தொழிற்கூடங்களை வெளிப்படுத்தின. பச்சைக்கல், நீலக்கல் ஆகியவற்றோடு குவார்ட்ஸ், அகேட், சூதுபவளம் ஆகியனவும் அங்குப் பட்டை தீட்டப்பட்டன, துளையிடப்பட்டன. முழுமை பெற்ற மணிகளுடன் பாதி வேலையில் நின்றவையும் கழிவுச் சில்லுகளும் கிடைத்திருப்பதால், அவ்வூர் மணிகளை வாங்கி அணிந்த ஊர் மட்டுமன்று, அவற்றைச் செய்த ஊருமாகும் என்பது உறுதியாகிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் நன்கலங்களுக்குப் பெயர்பெற்றதாகக் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

ஏழாம் தரக் கடினம் உடைய ஒரு கல்லில் நூல் நுழையும் துளையிடுவது எளிய செயலன்று. அதனினும் கடினமான ஒரு பொருளின் துணை இல்லாமல் அது நடவாது. குவார்ட்ஸ் மணியின் மதிப்பு அக்காலத்தில் அதன் அருமையால் மட்டுமன்றி அதில் செலவான உழைப்பாலும் அமைந்திருக்க வேண்டும் என நாம் கருதுகிறோம்.

இத்தொழிலின் தடயங்கள் நாம் வாழும் தீபகற்பத்திலும் உள்ளன. தென்தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்னும் இடம் உண்டு. அப்பெயருக்கே ‘மணிமேடு’ என்பதுதான் பொருள். மண்ணைக் கிளறினால் மணிகள் கிடைத்தமையால் வந்த பெயர் அது. கண்ணாடி மணிகளோடு அகேட், சூதுபவள மணிகளும் அங்குக் கிடைத்துள்ளன. தமிழாய்வாளர்க்கு அவ்விடம் மற்றொரு காரணத்தால் முதன்மையுடையது. ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட சிறிய உரைகல் ஒன்று அங்குக் கிடைத்தது. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெரும்பதன் என்னும் பொற்கொல்லனுக்கு உரியது என்பது அதன் பொருள். இன்றும் தமிழ்ப் பொற்கொல்லரைப் ‘பத்தர்’ என்று அழைக்கும் வழக்கை இதனோடு இணைத்து நோக்கலாம். கடல் கடந்து வந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் தம் கருவியில் தம் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார். இக்கருவியைப் பற்றிப் பொன்னைப் பேசும் இடத்தில் மீண்டும் குறிப்பிடுவோம்.

‘இயற்கை’ என்னும் அடை

விவரக்குறிப்பில் மிகக் குறைவாகக் கேள்விக்கு உட்படுவது ‘இயற்கை’ என்னும் சொல். அதில் மூன்று கூற்றுகள் அடங்கக்கூடும்: இது கண்ணாடியன்று, இது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டதன்று, இதன் நிறம் மாற்றப்பட்டதன்று. வணிகர் பெரும்பாலும் முதலிரண்டையும் கருதியே இச்சொல்லை வழங்குகின்றனர். வாங்குவோர் மூன்றையும் சேர்த்தே புரிந்துகொள்கின்றனர். சிக்கல் இங்குதான் பிறக்கிறது.

கண்ணாடியைப் பிரித்தறிவது ஓரளவு எளிது. படிகம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் கையில் எடுத்தவுடன் குளிர்ச்சியாக உணரப்படும். கண்ணாடியில் உருப்பெருக்கியால் பார்த்தால் சில வேளைகளில் உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரியும். படிகத்திற்கு இரட்டை ஒளிவிலகல் உண்டு. பெரிய படிக உருண்டையின் வழியே ஒரு தலைமயிரைப் பார்த்தால், தகுந்த கோணத்தில் அது இரண்டாகத் தோன்றும். காதணியில் பதித்த சிறு கல்லில் இதனைக் காண்பது அரிது. ஸ்படிக மாலை என்று வாங்கிய கண்ணாடி மாலைகளை நம்மிடையே பலர் பக்தியோடு அணிந்துள்ளனர். அவர்தம் பக்தியில் குறையில்லை. விற்றவரின் சொல்லில்தான் குறை.

ஆய்வுக்கூடப் படிகம் இதனினும் நுட்பமானது. உயர்ந்த அழுத்தத்தில், சூடான காரக் கரைசலில், ஒரு சிறு வித்துப் படிகத்தின் மேல் குவார்ட்ஸை வளர்க்கும் நீர்வெப்ப முறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்னணுத் தொழிலுக்காக விரிவடைந்தது. நேரத்தைக் காட்டும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தினுள் அதிர்வது இவ்வகைத் துண்டே. இம்முறையில் ஊதா நிறக் கல்லையும் வளர்க்கலாம். அது போலியன்று, வேதியியலில் அதுவும் குவார்ட்ஸே. ஆனால் நிலத்தடியில் விளைந்ததன்று. ஆய்வுக்கூடச் சோதனையின்றி இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வது பயிற்சி பெற்றவர்க்கும் கடினம்.

மூன்றாவது கூற்றில்தான் பெரும்பாலான கற்கள் தடுமாறுகின்றன. செவ்வந்திக்கல்லை ஏறத்தாழ 400 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் ஊதா மறைந்து மஞ்சளோ செம்மஞ்சளோ தோன்றும். இன்று விற்பனையாகும் மஞ்சள் குவார்ட்ஸில் பெரும்பகுதி இவ்வாறு நிறம் மாறிய செவ்வந்திக்கல்லே. கல் இயற்கையானது; நிறம் உலையில் பிறந்தது. இதனை ஏமாற்று என நாம் கூறமாட்டோம். சூடேற்றியதை மறைப்பதே ஏமாற்று.

வெள்ளியின் மேல் பொன்

‘முலாம்’ என்பது உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். ‘அவன் பேச்சு வெறும் முலாம்’ என்னும்போது அச்சொல்லில் போலி என்னும் பொருள் ஏறியிருக்கிறது. மலாய் மொழியின் ‘எமாஸ் செலுப்’, அதாவது தோய்த்தெடுத்த பொன், செயல்முறையை மட்டும் கூறுகிறது. இகழ்ச்சி அதில் குறைவு என்றே நமக்குத் தோன்றுகிறது. தமிழில் ‘கவரிங்’ என்னும் ஆங்கிலக் கடன்சொல்லும் வேரூன்றிவிட்டது. கவரிங் நகையின் அடியில் இருப்பது பெரும்பாலும் செம்போ பித்தளையோ ஆகும். வெள்ளியின் மேல் பொன் பூசியதையும் அதே சொல்லால் சுட்டுவது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

வெள்ளியின் மேல் பொன் என்பது இழிந்த கலையன்று. பரதநாட்டிய அரங்குகளில் நாம் காணும் கோயில் நகைகளுக்குப் பெயர்பெற்றது நாகர்கோவில் வடசேரி. அங்கு மரபுவழியில் வெள்ளியில் உருவம் அமைத்து, பொன் இழைத்தகடு பொதிந்து, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதிப்பர். அந்நகைகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. சற்றுத் தொலைவான சான்று ஒன்றும் உண்டு. 2016இல் ரியோவில் ஜோசப் ஸ்கூலிங் சிங்கப்பூருக்குப் பெற்றுத் தந்த முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பொன் முலாம் பூசிய வெள்ளியே. அதனைக் கவரிங் என்று எவரும் கூறவில்லை.

பழைய முறையில் பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, வெள்ளியின் மேல் தடவிச் சூடேற்றுவர். பாதரசம் ஆவியாகிப் போக, பொன் ஒட்டி நிற்கும். பூச்சு தடிப்பாகவும் உறுதியாகவும் அமையும். பூசியவரின் நுரையீரலும் நரம்பும் அதற்கு விலை கொடுத்தன. 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின் பாதரச முறை படிப்படியாக மறைந்தது. மின்முலாமில், பொன் உப்புக் கரைசலில் நகையைத் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்துவர். எவ்வளவு மெல்லிய படலத்தையும் இம்முறையில் பெறலாம். இதன் சிறப்பும் குறையும் அதுவே.

எவ்வளவு மெல்லியது? அமெரிக்க வணிக வழிகாட்டுநெறியின்படி, ‘வெர்மேய்’ என்னும் சிறப்புப் பெயரைப் பெற, தரமான வெள்ளியின் மேல் குறைந்தது 10 காரட் பொன் 2.5 மைக்ரான் தடிப்பில் இருத்தல் வேண்டும். ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சோடிக் காதணியின் மேற்பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், 2.5 மைக்ரான் தடிப்புள்ள பூச்சின் கன அளவு 0.0025 கன சென்டிமீட்டர். 18 காரட் பொன்னின் அடர்த்தியை ஏறத்தாழ 15.5 எனக் கொண்டால், அதன் எடை 39 மில்லிகிராம். அதில் தூய பொன் ஏறத்தாழ 29 மில்லிகிராம். அரை மைக்ரான் பூச்சாயின் இதில் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டும் கடைக்கண்ணாடிக்குள் ஒன்றுபோலவே மின்னும்.

மெல்லிய பூச்சில் நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியைத் தொட்டு, கறுப்பை வெளிக்கொணரும். வெள்ளி அணுக்களும் காலப்போக்கில் பொன்னுக்குள் ஊடுருவும். இதனைத் தடுக்க இடையில் நிக்கல் படலம் இடுவதுண்டு. ஆனால் நிக்கல், காது குத்திய புண்ணில் ஒவ்வாமை உண்டாக்கும் உலோகம். காதணியைப் பொறுத்தவரை, அடியில் இருப்பது வெள்ளியா பித்தளையா, நடுவில் நிக்கல் உண்டா என்பன பொன்னின் தடிப்பினும் முதன்மையான வினாக்கள். விவரக்குறிப்புகளில் இவை அரிதாகவே விடைபெறுகின்றன.

இனிப் பெரும்பதனின் உரைகல்லுக்கு வருவோம். பொன்னைக் கரிய கல்லில் உரைத்து, விழும் கோட்டின் நிறத்தை மாற்றறிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுவது உரைகல் முறை. அது மேற்பரப்பையே சோதிக்கும். தடித்த முலாம் பூசிய வெள்ளி, உரைகல்லில் பொற்கோட்டையே விடும். அதனால்தான் பொற்கொல்லர் ஐயமுற்றவிடத்து அரத்தால் சிறிது வெட்டிப் பார்த்து, உட்பகுதியை உரைப்பர். பொன்னில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகையைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை பிரித்துப் பேசுகிறது. கோவலன் வழக்கோ, சிலம்பின் பொன்னை உரைத்துப் பார்ப்பதால் தீரவில்லை. உடைத்து உள்ளிருக்கும் கல்லைப் பார்த்த பின்னரே தீர்ந்தது.

உள்ளதை உள்ளவாறு எழுதி வைக்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளிக்கப்பட்ட நகைகளில் எத்தனை கற்கள், அவற்றில் குறையுடையன எவை என்பனவற்றை எண்ணிக் கூறுகின்றன. கல்லை நிறுத்தும் அரக்கும் கோத்த சரடும் சேர்த்து எடை எவ்வளவு என்பதையும் விடாமல் பொறித்துள்ளன. இன்றைய விவரக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதப் புகுவோர் அம்முறையைப் பின்பற்றினால், ‘நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. அதன்மேல் 18 காரட் பொன் பூச்சு, தடிப்பு 2.5 மைக்ரான், நிக்கல் இல்லை, சூடேற்றி நிறம் மாற்றிய இயற்கைச் செவ்வந்திக்கல்’ என்று எழுதலாம். மொழிபெயர்ப்புப் பாடத்தில் மாணவர்க்கு இத்தகைய பயிற்சி தருவது, கலைச்சொல் பட்டியலை மனனம் செய்விப்பதினும் பயனுடையது என்பது நம் கருத்து.

கல்லின் பின்புறம்

கல்லைப் பதிக்கும் முறை எஞ்சியுள்ளது. வெள்ளியைப் பற்றவைக்கும் பொடி உருகுவதற்கு ஏறத்தாழ 650 பாகைக்கு மேல் வெப்பம் தேவை. குவார்ட்ஸோ 573 பாகையில் உள்ளமைப்பு மாறி வெடிப்புறக்கூடும். அதற்கு முன்னரே செவ்வந்திக்கல் தன் ஊதாவை இழந்துவிடும். ஆகவே உலோக வேலை முடிந்த பின்னரே கல்லை வைக்க வேண்டும். மரபுவழிப் பொற்கொல்லர் கல்லுக்கான குழியில் அரக்கை இட்டு, அதன்மேல் மெல்லிய வண்ணத் தகட்டை வைத்து, கல்லை அமர்த்தி, ஓரத்தை மென்பொன்னால் அழுத்தி மூடினர். பின்புறம் மூடியிருக்கும். நிறமற்ற படிகத்தின் பின்னே செந்நிறத் தகடு இருந்தால் கல் முழுவதும் சிவக்கும்; பச்சைத் தகடு இருந்தால் பச்சையாகும்.

குறிப்பறிதல் அதிகாரத்தின் 706ஆம் குறள் கூறுவது இதனையே ஒத்துள்ளது. தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தான் கொண்டு காட்டும் பளிங்குபோல, நெஞ்சில் மிக்கதை முகம் காட்டும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். பளிங்கு என்பதற்குக் கண்ணாடி எனப் பொருள் கொள்வாரும் உளர். முகம் பார்க்கும் கண்ணாடி எதிரில் இருப்பதைக் காட்டும். தன் பின்னால் இருப்பதைக் காட்டாது. படிகமோ தன்னை ஒட்டிப் பின்னே இருப்பதைக் காட்டும். முகத்திற்கு நெஞ்சம் எதிரில் இருப்பதா, பின்னே ஒட்டியிருப்பதா? ‘அடுத்தது’ என்னும் சொல்லாட்சி படிகத்திற்கே பொருந்துகிறது. வள்ளுவர் நகைத் தொழிலை மனத்திற் கொண்டு பாடினார் என்று நாம் வாதிடவில்லை. படிகத்தின் ஒரே பண்பைப் புலவரும் பொற்கொல்லரும் அறிந்திருந்தனர் என்பதே நாம் கூற வருவது. சார்ந்ததன் வண்ணமாகும் உயிரின் இயல்பை விளக்கச் சைவ சித்தாந்தம் படிகத்தையே உவமையாக எடுத்ததும் இக்காரணத்தால்தான்.

வகுப்பில் இதனை விளக்க விலையுயர்ந்த கல் எதுவும் வேண்டியதில்லை. மெருகேற்றிய நிறமற்ற குவார்ட்ஸ் துண்டு ஒன்றும், செம்பருத்திப் பூ ஒன்றும், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும், சலவைக்கல் ஓட்டின் உடைந்த சில்லு ஒன்றும் போதும். பூவின் மேல் மூன்றையும் மாறி மாறி வைத்துப் பார்த்தால் உரையாசிரியர் சொன்னது எதுவென்று மாணவரே கூறுவர்.

இன்றைய குவார்ட்ஸ் காதணிகளில் பெரும்பாலும் கல்லின் பின்புறம் திறந்தே விடப்படுகிறது. பட்டை தீட்டும் நுட்பம் வளர்ந்து, ஒளி கல்லுக்குள் புகுந்து திரும்பி வருமாறு கோணங்கள் அமைக்கப்படுவதால் பின்தகடு தேவையற்றுப் போயிற்று. தகடு வைத்த பழைய நகைகளை நீரில் கழுவக் கூடாது. ஈரம் உட்புகுந்தால் தகடு கறுத்துக் கல்லும் இருண்டுவிடும். திறந்த கூட்டுக்கு அந்த அச்சம் இல்லை. நிறமற்ற படிகத்தைத் திறந்த கூட்டில் மெல்லிய வில்லையாகப் பதித்துக் காதோடு ஒட்டி அணிந்தால், அதனை அடுத்திருப்பது அணிந்தவரின் காதுமடல்தான். அதன் நிறத்தையே அது காட்டும்.